யூதப் பெண்கள் ஏன் வெளியேறாமல் உள்ளே நின்று வாதாடுகிறார்கள்?

கேள்வி இது: "யூத ஆண்கள் தினமும் காலையில், தங்களைப் பெண்ணாகப் படைக்காததற்காகக் கடவுளுக்கு நன்றி சொல்கிறார்கள் என்று படித்தேன். அப்படிப்பட்ட மதத்துக்குள் பெண்ணியம் எப்படி வரும்? பெண்ணியம் பேசும் யூதப் பெண்கள் ஏன் மதத்தை விட்டு வெளியே வரவில்லை?"

வெளியே வந்தவர்களும் உண்டு. ஆனால் என்னை நெடுநாளாக ஈர்ப்பவர்கள் உள்ளே நின்றவர்கள். தங்களை ஒதுக்கி வைத்த அதே நூல்களை வரிவரியாகப் படித்து, அந்த நூல்களின் முறையிலேயே எதிர்வாதம் செய்தவர்கள். அவர்களைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

நீங்கள் படித்தது சரிதான். புறஇனத்தானாகப் படைக்காததற்கு, அடிமையாகப் படைக்காததற்கு, பெண்ணாகப் படைக்காததற்கு என்று மூன்று நன்றிகள், மரபைக் கறாராகப் பின்பற்றும் ஆர்தடாக்ஸ் பிரிவின் ஜெபப் புத்தகத்தில் இன்றும் இருக்கின்றன. இவற்றின் வேர், பழைய ரப்பிகளின் (யூத மத அறிஞர்களின்) சட்ட வாதங்களைக் கொண்ட தல்மூதில், மெனஹோத் பகுதியில் இருக்கிறது. ஆண்களுக்கு மதக் கட்டளைகள் அதிகம், அந்தப் பொறுப்புக்காகவே நன்றி சொல்கிறார்கள் என்பது மரபு தரும் விளக்கம். பதினான்காம் நூற்றாண்டு வாக்கில், பெண்கள் அந்த இடத்தில் "தமது சித்தத்தின்படி என்னைப் படைத்தவர்" என்று சொல்லும் வழக்கம் வந்தது. ஒப்புக்குச் சொன்ன ஆறுதல் என்றுதான் எனக்குத் தோன்றும். ஆனால் 1471ல் இத்தாலியில் அவ்ரஹாம் ஃபரிசோல் என்ற எழுத்தர் ஒரு பெண்ணுக்காகக் கையால் எழுதிக்கொடுத்த ஜெபப் புத்தகம் ஒன்று ஜெருசலேமில், இஸ்ரேல் தேசிய நூலகத்தில் இருக்கிறது. அதில் அதே இடத்தில், "என்னை ஆணாக அல்ல, பெண்ணாகப் படைத்ததற்கு" கடவுளுக்கு ஸ்தோத்திரம் என்று எழுதியிருக்கிறது. ஐந்நூற்றைம்பது வருடங்களுக்கு முன்னால் அதை எழுதச் சொன்னவரும் எழுதியவரும் மதத்தை எதிர்த்தவர்கள் அல்லர். ஜெபப் புத்தகம் வேண்டும் என்று கேட்ட குடும்பமும், அதை எழுதிப் பிழைத்த எழுத்தரும்தான். மரபைக் காத்துக்கொண்டே மாற்றங்களையும் ஏற்கும் அமெரிக்காவின் கன்சர்வேடிவ் பிரிவு 1946ல் தன் ஜெபப் புத்தகத்தில் அந்த வரியை "தமது சாயலில் என்னைப் படைத்தவர்" என்று ஆண், பெண் இருவருக்குமாக மாற்றியது.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. யூத மதத்தில் சட்டம் செய்யும் அதிகாரம் பூசாரியிடம் இல்லை. நூலைக் கற்று, முன்னோர் தீர்ப்புகளை எடுத்துக்காட்டி வாதாடத் தெரிந்தவரிடம் இருக்கிறது. தல்மூத் என்பதே வாதங்களின் தொகுப்பு. தோற்ற கட்சியின் கருத்தையும் அழிக்காமல் பதிவு செய்து வைத்திருக்கும் நூல் அது. ஆகவே பெண்ணுக்குக் கல்வி மறுக்கப்பட்டதுதான் மற்ற எல்லா மறுப்புகளுக்கும் வேர் என்பது என் கருத்து. கல்வி கிடைத்த இடத்திலெல்லாம் மற்றவை ஒவ்வொன்றாக அசையத் தொடங்கியதையும் வரலாற்றில் காணலாம்.

அந்தக் கல்வி பற்றியே, தல்மூதுக்கு அடித்தளமான பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவில், சோத்தா பகுதியில், ஒரு மோதல் இருக்கிறது. மகளுக்குத் தோராவை, அதாவது மோசேயின் ஐந்து நூல்களையும் அவற்றின் சட்டத்தையும், கற்பிப்பது தகப்பனின் கடமை என்கிறார் பென் அஸ்ஸாய். மகளுக்குத் தோராவைக் கற்பிப்பவன் அவளுக்கு ஒழுக்கக்கேட்டைக் கற்பிக்கிறான் என்கிறார் ரப்பி எலியேசர். ஜெருசலேம் தல்மூதில் இவரைப் பற்றி ஒரு காட்சி வருகிறது. ஒரு சீமாட்டி அவரிடம் பொற்கன்றுக்குட்டி நிகழ்வு பற்றி ஒரு கேள்வி கேட்கிறாள். நல்ல கேள்விதான். "பெண்ணுக்கு நூற்கும் கதிரைத் தவிர வேறு அறிவு கிடையாது" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார். பக்கத்தில் இருந்த மகன் பதறுகிறான்: ஒரு பதில் சொல்லியிருக்கக் கூடாதா, அவள் வருடந்தோறும் தரும் 300 கோர் அளவு தானிய தசமபாகம் போயிற்றே! அதற்கு எலியேசர் சொல்கிறார்: தோராவின் வார்த்தைகள் எரிந்து போனாலும் போகட்டும், பெண்கள் கையில் போக வேண்டாம்.

பெண்ணிய வாசிப்பாளர்கள் இந்தப் பகுதியைக் கிழித்துப் போடவில்லை, பாடமாக எடுத்துப் படிக்கிறார்கள். அந்தச் சீமாட்டியின் கேள்வி நல்ல கேள்வி என்பதற்கு அந்தப் பக்கமே சாட்சி. எலியேசரின் மகனுக்கே பதில் பிடிக்கவில்லை. பென் அஸ்ஸாயின் குரலும் அழிக்கப்படவில்லை. நூற்றாண்டுகளாக நடைமுறையில் வென்றது எலியேசர்தான், ஆனால் எதிர்க்கட்சி ஏட்டிலேயே காத்திருந்தது. 1917ல் போலந்தின் கிராகூவ் நகரில் சாரா ஷெனிரர் என்ற தையற்காரப் பெண், சிறுமிகளுக்காக பைஸ் யாகோவ் பள்ளியைத் தொடங்கினார். அவர் தீவிர ஆர்தடாக்ஸ். பெண்ணியம் என்ற சொல்லையே ஏற்றிருக்க மாட்டார். தல்மூத் அவர் பாடத்திட்டத்தில் இல்லை. ஆனாலும் யூதச் சிறுமிகள் வரிசையாக உட்கார்ந்து மதக்கல்வி கற்பது இயல்பான காட்சியாக மாறியதில் அவர் பங்கு பெரியது. 1977ல் நியூயார்க்கின் ஸ்டெர்ன் கல்லூரியில், அந்தத் தலைமுறையின் மிகப்பெரிய ஆர்தடாக்ஸ் அறிஞரான ரப்பி ஜோசப் சொலொவெய்ச்சிக் பெண்களுக்கான தல்மூத் வகுப்பைத் தாமே முதல் பாடம் நடத்தித் தொடங்கி வைத்தார். அதற்குப் பிறகு ஆர்தடாக்ஸ் உலகிலேயே அந்தக் கதவை முழுதாக மூட யாராலும் முடியவில்லை.

கற்ற பெண்கள் நூலுக்குள் என்ன கண்டார்கள் என்பதற்கு இரண்டு இடங்களைக் காட்டுகிறேன்.

முதலாவது, கிடுஷின் பகுதி. நேரத்தோடு கட்டுண்ட கடமைகளிலிருந்து பெண்களுக்கு விலக்கு உண்டு என்பது மிஷ்னாவின் விதி. பெண்ணை வழிபாட்டிலிருந்து தள்ளி வைக்க ஆயிரம் வருடங்களாகக் காட்டப்படும் விதி இதுதான். வீட்டு வேலை, பிள்ளை வளர்ப்பு, அதனால் நேரம் இல்லை என்ற விளக்கமும் கூடவே வரும். தல்மூதைத் திறந்தால் அங்கேயே இந்த விதி தள்ளாடுகிறது. பஸ்காவின் புளிப்பில்லா அப்பம் நேரத்தோடு கட்டுண்டது, ஆனால் பெண்ணுக்கும் கடமை. பண்டிகையில் மகிழ்ந்திருப்பதும் அப்படியே. ஏழாண்டுக்கு ஒருமுறை மக்கள் கூடித் தோரா வாசிப்பதைக் கேட்பதும் அப்படியே. மறுபக்கம், தோராக் கல்விக்கு நேரக்கட்டே கிடையாது, ஆனால் பெண்ணுக்கு விலக்கு. கடைசியில் ரப்பி யோகனான் வருகிறார்: பொதுவிதிகளிலிருந்து எதையும் வருவிக்க முடியாது, விதிவிலக்குகளைப் பட்டியலிட்ட விதியானாலும் சரி என்கிறார். அதாவது, விதி என்று சொல்லப்பட்டது உண்மையில் ஏற்கெனவே இருந்த நடைமுறைகளின் மேல் போர்த்திய போர்வை. இதைச் சொன்னது இருபதாம் நூற்றாண்டுப் பெண்ணியவாதி அல்ல, தல்மூதே சொல்கிறது.

இரண்டாவது, மெகிலா 23ஆம் ஏடு. ஓய்வுநாளில் தோரா வாசிக்க ஏழு பேரை அழைப்பார்கள். அந்த ஏழில் "சிறுவனும் சேரலாம், பெண்ணும் சேரலாம்" என்று தொடங்குகிறது அந்த வரி. பிறகுதான், "ஆனால் சபையின் கௌரவம் கருதிப் பெண் வாசிக்க வேண்டாம் என்று அறிஞர்கள் சொன்னார்கள்" என்று வருகிறது. அப்படியானால் தடை தோராவில் இல்லை. சபையின் கௌரவம் என்பதில் இருக்கிறது. பெண் டாக்டரிடம் போகிற, பெண் நீதிபதி முன் நிற்கிற சபைக்கு, பெண் வாசித்தால் கௌரவம் எப்படிக் குறையும்? இந்தக் கேள்வியை ஆர்தடாக்ஸ் சட்ட மொழியிலேயே 2001ல் மெண்டல் ஷபீரோ ஒரு நீண்ட கட்டுரையில் எழுப்பினார். ரப்பி டேனியல் ஸ்பெர்பர், தனிமனிதரின் மானம் சபையின் கௌரவத்தை விட மேலானது என்ற தல்மூத் கோட்பாட்டைக் கொண்டு அதை வலுப்படுத்தினார். 2002ல் ஜெருசலேமில் தோவா ஹார்ட்மன் முன்னின்று தொடங்கிய ஷிரா ஹதாஷா சபையில், ஆண்களும் பெண்களும் தடுப்புத் திரைக்கு இருபுறம் அமர, பெண்கள் தோரா வாசிக்கிறார்கள். ஆர்தடாக்ஸ் தலைமை இதைப் பெரும்பாலும் ஏற்கவில்லை. ஆனால் அந்த வடிவம் பல நாடுகளுக்குப் பரவிவிட்டது.

புரூரியாவைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதில் முழுமையாகாது. தல்மூதில் சட்ட அறிவுடன் வரும் ஒரே பெண் என்று சொல்லலாம். ஒரே நாளில் 300 ஆசிரியர்களிடம் 300 சட்டங்களைக் கற்றவள் என்று பெயர். ரப்பி மேயிரின் மனைவி என்கிறது பாபிலோனியத் தல்மூத். அக்கம்பக்கத்து முரடர்கள் மேயிரைத் தொல்லை செய்கிறார்கள், அவர் அவர்கள் செத்துப்போக வேண்டும் என்று ஜெபிக்கிறார். புரூரியா 104ஆம் சங்கீதத்தின் கடைசி வசனத்தை எடுத்துக் காட்டுகிறாள்: பாவிகள் ஒழிக என்றா எழுதியிருக்கிறது? பாவங்கள் ஒழிக என்றல்லவா எழுதியிருக்கிறது. அவர்கள் திருந்த வேண்டும் என்று ஜெபியுங்கள். அவர் ஜெபித்தார், அவர்களும் திருந்தினார்கள். இன்னொரு நாள், ரப்பி யோசே வழியில் அவளிடம், "லோத் ஊருக்கு எந்த வழியாகப் போக வேண்டும்?" என்று கேட்கிறார். "பெண்ணோடு அதிகம் பேசாதே என்று அறிஞர்கள் சொல்லவில்லையா? 'லோத் எது?' என்று கேட்டால் போதாதா?" என்கிறாள். அவர்கள் விதியை அவர்கள் தலையிலேயே திருப்பி வைத்த அந்தப் பதிலை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காது.

இவளுக்கு மரபு செய்ததைப் பாருங்கள். தோசெஃப்தா என்ற பழைய தொகுப்பில், கதவின் தாழ் ஒன்றைப் பற்றிய தூய்மைச் சட்டத்தில் புரூரியா ஒரு கருத்துச் சொல்கிறாள். "புரூரியா சரியாகச் சொன்னாள்" என்று பாராட்டும் அங்கேயே பதிவாகிறது. மிஷ்னாவில் அதே கருத்து இருக்கிறது, அவள் பெயர் இல்லை. ரப்பி யோசுவாவின் பெயர் இருக்கிறது. பிறகு, பதினோராம் நூற்றாண்டில், தல்மூதின் புகழ்பெற்ற உரையாசிரியர் ராஷியின் உரையில் ஒரு கதை நுழைகிறது. பெண்களின் மனம் இலேசானது என்ற அறிஞர் வாக்கைப் புரூரியா கேலி செய்தாளாம். மேயிர் தன் மாணவன் ஒருவனை ஏவி அவளை மயக்கச் சொன்னாராம். பல நாள் வற்புறுத்தலுக்குப் பின் அவள் இணங்கி, உண்மை தெரிந்ததும் தூக்கிட்டுக்கொண்டாளாம். தல்மூதில் இந்தக் கதை இல்லை. மேயிர் பாபிலோனியாவுக்கு ஓடியதற்குக் காரணம் "புரூரியாவின் சம்பவம்" என்று சிலர் சொல்வதாக ஒரு பாதி வரி மட்டும் இருக்கிறது. அந்தப் பாதி வரியைப் பல நூற்றாண்டுகள் கழித்து இந்தக் கதையால் நிரப்பியிருக்கிறார்கள். அது ராஷியே எழுதியதா, பிற்காலச் செருகலா என்று இன்று அறிஞர்களிடையே விவாதம் இருக்கிறது. யூதப் பெண்ணிய இறையியலாளர் ரேச்சல் ஆட்லர் போன்றவர்கள் கேட்டது வேறு: கற்ற பெண்ணுக்குக் கெட்ட முடிவு வேண்டும் என்று யாருக்குத் தோன்றியது, ஏன் தோன்றியது? தன் மனைவியின் வீழ்ச்சிக்குத் தானே திட்டம் போடும் மேயிரை அந்தக் கதை எப்படிக் காட்டுகிறது? நூலின் மௌனத்தைக் கேட்பது, பெயர் போன இடத்தில் பெயரைத் திரும்ப எழுதுவது, பிற்காலச் சேர்க்கையைப் பிரித்துக் காட்டுவது: பெண்ணிய வாசிப்பின் கருவிகள் எல்லாம் இந்த ஒருத்தி விஷயத்திலேயே வந்துவிடுகின்றன.

இதைவிட ஆழமான இடம் சீனாய் மலை. யாத்திராகமம் 19ல் கடவுள் மோசேயிடம், மக்கள் தங்களைப் பரிசுத்தப்படுத்தி, துணிகளைத் தோய்த்து, மூன்றாம் நாளுக்கு ஆயத்தமாகட்டும் என்கிறார். மோசே கீழே இறங்கி வந்து மக்களிடம் சொல்லும்போது ஒன்றைக் கூட்டுகிறார்: பெண்ணிடம் நெருங்காதிருங்கள். தமிழ் பைபிளைத் திறந்து 10, 11ஆம் வசனங்களையும் 15ஆம் வசனத்தையும் அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள், தெரியும். யூத மதத்தின் உடன்படிக்கை பிறக்கும் கணத்தில், "மக்கள்" என்று அழைக்கப்படுபவர்கள் ஆண்கள் மட்டுமே. பெண்ணிய இறையியலாளர் ஜூடித் பிளாஸ்கோ 1990ல் எழுதிய நூல் இந்த வசனத்திலிருந்துதான் கிளம்புகிறது. அதற்கு முன்பே எழுத்தாளர் சிந்தியா ஓசிக்குடன் அவருக்கு ஒரு புகழ்பெற்ற கருத்து மோதல் இருந்தது. பெண்ணின் நிலை சமூக வழக்கத்தால் வந்தது, அதைச் சட்டத்தில் சரிசெய்தால் போதும் என்றார் ஓசிக் 1979ல். இல்லை, கடவுளையே ராஜா, தகப்பன், போர்வீரன் என்று மட்டும் கற்பனை செய்யும் இறையியல்தான் சட்டத்துக்கு அடியில் இருக்கிறது, அதைத் தொடாமல் சட்டம் மாறாது என்றார் பிளாஸ்கோ. எனக்கு ஓசிக்கின் வாதத்தில் பாதி மனம் உண்டு. நடைமுறையில் பெண்களின் வாழ்க்கையை மாற்றியது பெரும்பாலும் சட்ட வாதங்கள்தான். ஆனால் பிளாஸ்கோவின் கேள்வியைக் கேட்ட பிறகு அந்த வசனத்தைப் பழையபடி படிக்க முடிவதில்லை.

பழைய உரையாசிரியர்களுக்கும் அந்த வசனம் உறுத்தியிருக்கிறது என்று நினைக்கிறேன். அதே அதிகாரத்தில் "யாக்கோபின் வீட்டாருக்குச் சொல்" என்று வருவதை, "இது பெண்களைக் குறிக்கும்" என்று மெகில்தா என்ற பழைய உரை விளக்குகிறது. எண்ணாகமம் 27ல் செலொப்பியாத்தின் ஐந்து குமாரத்திகள் மோசேயின் முன் வந்து, மகன் இல்லாத தகப்பனின் நிலத்தில் பங்கு கேட்கிறார்கள். மோசேக்குப் பதில் தெரியவில்லை. அவர்கள் கேட்பது சரி என்று கடவுள் சொல்கிறார். மனிதருக்கு ஆண்கள் மேல்தான் இரக்கம் அதிகம், படைத்தவருக்கு எல்லார் மேலும் இரக்கம் என்று அந்தப் பெண்கள் நினைத்ததாக ஸிஃப்ரே என்ற உரை சேர்க்கிறது. 36ஆம் அதிகாரத்தில், அவர்கள் தங்கள் கோத்திரத்துக்குள்ளேயே மணக்க வேண்டும் என்று அந்த வெற்றி குறுக்கப்பட்டதும் உண்மை.

நூலிலிருந்து வாழ்க்கைக்கு வருவோம். ஹென்றியெட்டா ஸோல்ட் என்ற பெயர் பலருக்கு ஹதாசா என்ற யூதப் பெண்கள் அமைப்பை 1912ல் நிறுவியவர் என்று தெரியும். அவருடைய தகப்பனார் பால்டிமோரில் ரப்பி. எட்டுப் பெண் பிள்ளைகள், மகன் இல்லை. இறந்தவருக்காகக் காதிஷ் ஜெபம் சொல்வது மகனின் கடமை என்பது வழக்கம். 1916ல் தாய் இறந்தபோது, குடும்ப நண்பர் ஒருவர் நல்லெண்ணத்தோடு, நான் உங்கள் தாய்க்காகக் காதிஷ் சொல்கிறேன் என்றார். ஸோல்ட் நன்றியோடு மறுத்து ஒரு கடிதம் எழுதினார். காதிஷ் என்பது, பெற்றோர் சமூகத்தோடு கொண்டிருந்த உறவைத் தொடர்வேன் என்று பிழைத்திருப்பவர் பகிரங்கமாகக் காட்டுவது. அதை எனக்குப் பதிலாக நீங்கள் எப்படிச் செய்ய முடியும்? மகன் இல்லையே என்று என் தாயோ தகப்பனாரோ வருந்தி ஒரு சொல் சொன்னதை நான் கேட்டதில்லை. தகப்பனார் இறந்தபோது, மகள்களின் இடத்தை வேறொருவர் எடுத்துக்கொள்ள என் தாய் இடம் கொடுக்கவில்லை. இதுதான் கடிதத்தின் சாரம். அதில் கோபம் இல்லை, நூலை எதிர்த்து ஒரு வரி இல்லை. பெண்கள் விலக்கு பெற்றார்களே தவிர விலக்கி வைக்கப்படவில்லை என்பது அவர் வாசிப்பு. இதுவரை நான் சொன்ன எல்லா வாதங்களையும் விட எனக்கு நெருக்கமானது அந்தக் கடிதம்.

பெண் ரப்பிகளின் கதையும் இப்படித்தான். பெர்லினில் 1902ல் பிறந்த ரெகினா யோனாஸ், "பெண் ரப்பி பதவி வகிக்கலாமா?" என்பதையே 1930ல் தன் ஆய்வேட்டுத் தலைப்பாக வைத்து, தல்மூத், பிற்காலச் சட்ட நூல்கள் எல்லாவற்றையும் அலசி, வகிக்கலாம் என்று முடித்தார். தடையாக நிற்பது முன்முடிவும் பழக்கமின்மையும்தான் என்றார். 1935 டிசம்பரில் ரப்பி மேக்ஸ் டீனமன் அவருக்குப் பட்டம் அளித்தார். 1942ல் நாஜிக்கள் அவரைத் தெரேசியென்ஷ்டாட் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அங்கும் அவர் போதித்தார், புதிதாக வந்து இறங்குபவர்களைத் தேற்றும் வேலையில் மனநல மருத்துவர் விக்டர் ஃபிராங்கிளோடு சேர்ந்து பணியாற்றினார். 1944ல் அவுஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். அவரை அறிந்து பிழைத்து வந்த பெரிய மனிதர்கள் யாரும் பிறகு அவரைப் பற்றிப் பேசவில்லை. 1972ல் அமெரிக்காவில் சாலி பிரீசண்ட் பட்டம் பெற்றபோது உலகின் முதல் பெண் ரப்பி என்றே கொண்டாடினார்கள். பெர்லின் சுவர் விழுந்த பிறகு, கிழக்கு பெர்லினின் ஆவணக்காப்பகத்தில் யோனாஸின் ஆய்வேடும் சான்றிதழும் புகைப்படமும் கிடைத்தன. மிஷ்னாவில் புரூரியாவின் பெயர் போனதற்கும் இதற்கும் பதினேழு நூற்றாண்டுக்கு மேல் இடைவெளி இருக்கிறது.

சடங்குகளில் வந்த மாற்றங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன், அவை ஏராளம். 1922ல் நியூயார்க்கில் ஜூடித் கப்லானுக்கு அமெரிக்காவின் முதல் பொது பாத் மிட்ஸ்வா (சிறுமி மதக் கடமைகளுக்குரிய வயதை அடையும் சடங்கு) நடந்தது, தோராச் சுருளிலிருந்து அல்ல, அச்சுப் புத்தகத்திலிருந்துதான் வாசிக்க விட்டார்கள். பழைய வழக்கப்படி பெண்கள் வேலை செய்யாத அமாவாசைக்குப் பின்னான முதல் பிறை நாளை 1970களிலிருந்து பெண்கள் குழுக்களாகக் கூடிப் படிக்கும் நாளாக்கினார்கள். 1988லிருந்து ஜெருசலேமின் மேற்குச் சுவரில் பெண்கள் தோராச் சுருளோடு கூடி ஜெபிக்கப் போராடி வருகிறார்கள். 2016ல் அரசு ஒத்துக்கொண்ட சமரசம் 2017ல் நிறுத்தி வைக்கப்பட்டது. பஸ்கா விருந்தின் சடங்குத் தட்டில் ஆரஞ்சு வைக்கும் வழக்கத்தை மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 1980களில் யூதவியல் அறிஞர் சூசன்னா ஹெஷல், ஓரினச்சேர்க்கையாளர்களும் சமூகம் ஒதுக்கிய மற்றவர்களும் உள்ளே வரும்போது யூத வாழ்வு கனிகிறது என்பதற்காக அதைத் தொடங்கினார். பரவும்போது கதை மாறிவிட்டது: யாரோ ஒரு ஆண், "பஸ்கா தட்டில் ஆரஞ்சுக்கு இடமில்லாதது போல் ஜெப ஆலய மேடையில் பெண்ணுக்கு இடமில்லை" என்று கத்தியதாகவும், அதற்குப் பதிலாக ஆரஞ்சு வந்ததாகவும். ஒரு பெண்ணின் யோசனையை ஆணின் வாயில் வைத்துவிட்டார்கள், ஓரினச்சேர்க்கையாளர்களைக் கதையிலிருந்தே நீக்கிவிட்டார்கள் என்று ஹெஷல் வருத்தத்தோடு பலமுறை எழுதியிருக்கிறார்.

மாதவிலக்குத் தூய்மைச் சட்டம் பற்றி ரேச்சல் ஆட்லரின் பயணம் தனித்துச் சொல்லத் தக்கது. 1970களின் தொடக்கத்தில் ஆர்தடாக்ஸ் பெண்ணாக இருந்தபோது, சடங்குக் குளமான மிக்வேயை மரணத்திலிருந்து வாழ்வுக்குத் திரும்பும் சுழற்சியாக விளக்கி அவர் எழுதிய கட்டுரை பல பெண்களுக்கு ஆறுதல் தந்தது. 1993ல் அந்தக் கருத்தை அவரே பகிரங்கமாகக் கைவிட்டார். ஜெருசலேம் ஆலயம் இருந்த காலத்தில் ஆணும் பெண்ணும் பல காரணங்களால் தீட்டுப்பட்டார்கள், தூய்மையானார்கள். கி.பி. 70ல் ஆலயம் அழிந்த பிறகு மற்ற தீட்டுகள் வழக்கொழிந்தன, பெண்ணுடையது மட்டும் நின்றது. எல்லோருக்குமான சுழற்சி என்று அதை அழகுபடுத்துவது நேர்மையல்ல என்றார். தன் சொல்லை நம்பி நடந்த பெண்களுக்கு அவர் கடன்பட்டதாக உணர்ந்தது அந்தக் கட்டுரையில் தெரிகிறது. இன்னொரு பக்கம், ஜெருசலேமின் நிஷ்மத் கல்வி நிலையம் இந்தச் சட்டங்களில் பெண்களையே நிபுணர்களாகப் பயிற்றுவித்து, 1999ல் முதல் குழுவை வெளியே அனுப்பியது. உள்ளாடையில் பட்ட கறையை ஆண் ரப்பியிடம் காட்டக் கூசி, சந்தேகத்திலேயே நாட்களை நீட்டிக்கொண்டிருந்த பெண்கள், இப்போது ஒரு பெண்ணிடம் போனில் கேட்கிறார்கள். இரண்டுமே பெண்ணியம்தான் என்பது என் எண்ணம்.

நமக்கு அருகிலேயே ஒரு சான்று உண்டு. பெண்ணின் குரல் ஆணுக்குக் கவர்ச்சி என்ற தல்மூத் வாக்கை வைத்து, பெண்கள் ஆண்கள் முன் பாடக் கூடாது என்று பல யூதச் சமூகங்கள் விதித்தன. கொச்சி யூதர்களிடம் அப்படி இல்லை. அவர்களுடைய பெண்கள் திருமணங்களிலும் பண்டிகைகளிலும் ஆண்கள் முன்னிலையில் மலையாளத்தில் பாடினார்கள், பாடல்களை நோட்டுப் புத்தகங்களில் கையால் எழுதி மகளுக்கும் பேத்திக்கும் கொடுத்தார்கள். பார்பரா ஜான்சனும் ஸ்கரியா ஸக்கரியாவும் அவற்றைத் திரட்டிப் பதிப்பித்திருக்கிறார்கள். யூதப் பெண்களின் மரபு என்றால் ஐரோப்பாவையே பார்ப்பவர்களுக்கு இதைத் தவறாமல் சொல்வேன்.

இனி, வாசிப்பு மட்டும் போதாமல் நிற்கும் இடம். உபாகமம் 24ல், கணவன் தள்ளுதல் சீட்டை எழுதி மனைவி கையில் கொடுக்கிறான். மணவிலக்கைக் கொடுப்பவன் கணவன், நீதிமன்றமல்ல. கி.பி. 1000 வாக்கில் ஜெர்மனியில் ரப்பேனு கெர்ஷோம் பலதார மணத்தைத் தடை செய்தார், மனைவியின் சம்மதம் இல்லாமல் அவளை விலக்கக் கூடாது என்றும் விதித்தார். அதனால் பாதி சமன்பட்டது. மீதிப் பாதி அப்படியே இருக்கிறது. கணவன் சீட்டைக் கொடுக்க மறுத்தால் மனைவி அகுனா, அதாவது கட்டுண்டவள். அவள் வேறு மணம் செய்ய முடியாது. வேறொருவனோடு பிள்ளை பெற்றால் அந்தப் பிள்ளை தலைமுறை தலைமுறையாகப் பெரும்பாலான யூதரை மணக்க முடியாத நிலைக்குத் தள்ளப்படும். கணவனின் பிள்ளைக்கு அந்தத் தண்டனை இல்லை. ஆகவே பேரம் நடக்கிறது: வீட்டை எழுதிக் கொடு, பிள்ளைகளை விட்டுக் கொடு, பிறகு சீட்டு.

இதற்கும் தீர்வு தேடி நூலுக்குள் போனார்கள். கெத்துபோத் பகுதியில், "மணம் செய்பவன் ரப்பிகளின் சம்மதத்தின் பேரிலேயே மணம் செய்கிறான், ஆகவே ரப்பிகள் அந்த மணத்தையே ரத்து செய்யலாம்" என்று ஒரு கோட்பாடு இருக்கிறது. இன்று அந்த அதிகாரம் எங்களுக்கு இல்லை என்று பெரும்பாலான நீதிபதிகள் கைவிரிக்கிறார்கள். ரப்பிகளுக்கு மனம் இருந்த இடத்தில் சட்டத்தில் வழி இருந்தே வந்திருக்கிறது என்று ஆர்தடாக்ஸ் பெண்ணியவாதி ப்ளூ கிரீன்பர்க் வாதிட்டார். 1990களில் ரப்பி இம்மானுவேல் ராக்மன் நியூயார்க்கில் தன் நீதிமன்றம் வழியாக மணங்களை ரத்து செய்து பல பெண்களை விடுவித்தார், மற்ற ஆர்தடாக்ஸ் ரப்பிகள் அதை ஏற்க மறுத்தார்கள். ரப்பி மொர்தெகாய் வில்லிக் வகுத்த திருமணத்துக்கு முந்தைய ஒப்பந்தம் வேறு வழி: பிரிந்த பின் சீட்டுக் கொடுக்கும் வரை கணவன் மனைவிக்கு நாளொன்றுக்கு ஒரு தொகை கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ரேச்சல் ஆட்லர் இன்னும் அடியில் போனார். மிஷ்னா மணத்தைக் கணவன் மனைவியை "பெறுவது" என்கிறது, அந்த அஸ்திவாரமே வேண்டாம் என்று, வணிகக் கூட்டுச் சட்டத்தை எடுத்து ஒரு மணச் சடங்கு வகுத்தார். இருவரும் ஆளுக்கொரு பொருளை ஒரு பையில் போட்டு, சேர்ந்து தூக்குகிறார்கள். யாரும் யாரையும் பெறுவதில்லை, ஆகவே சீட்டும் தேவைப்படாது.

நாட்டுச் சட்டமும் கைகொடுத்திருக்கிறது. சீட்டுத் தருவதாக ஒப்புக்கொண்டு பதினைந்து வருடம் தராத கணவன் இழப்பீடு கட்ட வேண்டும் என்று கனடா உச்ச நீதிமன்றம் 2007ல் தீர்ப்பளித்தது. இஸ்ரேலின் 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி, மறுக்கும் கணவனின் ஓட்டுநர் உரிமத்தையும் பாஸ்போர்ட்டையும் முடக்கலாம், சிறையிலும் அடைக்கலாம்.

உங்கள் "ஏன் வெளியேறவில்லை" என்ற கேள்விக்கு இஸ்ரேலில் வேறொரு பதிலும் உண்டு. 1953ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே யூதரின் மணமும் மணவிலக்கும் ரப்பிகளின் நீதிமன்றத்துக்கே உரியவை. கடவுள் நம்பிக்கையே இல்லாத யூதப் பெண்ணும் மணவிலக்குக்கு அங்கேதான் போய் நிற்க வேண்டும். அந்த நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஆண்கள் மட்டுமே. 1990களிலிருந்து, இந்தச் சட்டத்தில் பயிற்சி பெற்ற பெண்கள் மனுதாரருக்காக அங்கே வாதாடுகிறார்கள். தல்மூத் ஏடுகளையும் முன்தீர்ப்புகளையும் நீதிபதிகளுக்குச் சமமாக, சில வேளை அவர்களைவிட நன்றாகவே, எடுத்துக்காட்டக் கூடியவர்கள். வாதம் முடிந்ததும் தீர்ப்பு எழுதும் மேசைக்கு அவர்கள் போக முடியாது. அந்த மேசையில் இடம் கேட்பதுதான் இப்போது நடந்துகொண்டிருக்கும் போராட்டம்.